விதைக்கு விட்ட சுரைக்காய்

9.9.85 திங்கள்

காலையில் சாரல். பத்து மணிக்கு மேல் வெளுத்தது. ஆபீஸ் வேலை முடித்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் தோட்டத்தில்.

விதைக்கு விட வேண்டிய காய்களுக்குத் துணி கட்டினேன். பழைய வேட்டிக் கரையைக் கிழித்து வைத்திருந்தது. துணி கட்டின காயை யாரும் பறிக்கக் கூடாது, சம்சாரம் உள்பட. (சம்சாரம் என்றால் சரோஜா. இனி ச. என்றே எழுதுகிறேன். பென்சில் சின்னது.)

கட்டியவை:
அவரை. பந்தலின் கிழக்கு மூலை, பன்னிரண்டு கொத்து.
கத்தரி இரண்டு. பழுத்து மஞ்சளாகட்டும்.
தக்காளி மூன்று. இரண்டு நாளில் பறித்துப் புளிக்க வைக்கலாம்.
சுரை ஐந்து. கொடிக்கு ஒரு காய், அடிப்பக்கத்தில் காய்த்தது.
சௌசௌவுக்குக் கட்ட வேண்டாம். அதற்கு விதை என்று தனியாக ஏது, முழுக்காயே முளைவிட்டு நிற்கும்.

சுரை இந்த வருஷம் நல்ல வாளிப்பு. போன வருஷத்தைவிடக் கழுத்து கொஞ்சம் ஒடுங்கி, அடி குண்டாக. பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்த பலன் என்று ச.விடம் சொன்னேன். ஆமாம், நீங்கதான் பிரம்மா என்றாள்.

அடுப்புக்கு மேலே நாலு சுரைக்குடுவை தொங்குகின்றன. போன வருஷம் நானே விளைய வைத்து, குடைந்து, காயப்போட்டவை. தகர டப்பாவில் விதை வைத்தால் இந்த மலை மூட்டத்துக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. குடுவைக்கு அந்தத் தொல்லை இல்லை. சாம்பலும் நொச்சி இலையும் போட்டு, வாயை மூடி, புகை படுகிற இடத்தில் தொங்கவிட்டால் வண்டு அண்டாது. எஸ்டேட்டில் ஒன்பது வீட்டுக்கு என் விதைதான் போகிறது. பொட்டலத்தின்மேல் பேரும் வருஷமும் எழுதாமல் கொடுக்க மாட்டேன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டர் நான், அதனால் ‘ரைட்டர் விதை’ என்று கொட்டச்சேடு பஸ்ஸில்கூடப் பேசிக்கொள்கிறார்களாம். ச. சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் பறிப்பு ஆறு சுரைக்காய். வழக்கம்போல எஸ்டேட் கிரீச்சுக்கு அனுப்பினேன். பதினாலு பிள்ளைகள், சமைக்கவும் பார்க்கவும் ஆயா பொன்னாயி ஒருத்தி. ஒரு காயாவது வீட்டுக்கு வையுங்கள் என்று ச. முனகினாள். முதல் பறிப்பு பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

10.9.85 செவ்வாய்

மோசமான நாள். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் இரண்டரை. எஸ்டேட் காட்டில் இருந்தேன். கிரீச்சில் பிள்ளைகளுக்கு வாந்தி என்று ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் ஐந்து பிள்ளைகள் பாயில் சுருண்டு கிடக்கின்றன. பொன்னாயியும் வாசலில் குந்தி வாந்தி எடுக்கிறாள். அவள் மகள் செல்வி, மூன்று வயசு, அந்த ஐந்தில் ஒருத்தி. எல்லாரையும் ஜீப்பில் போட்டு ஏற்காடு ஆஸ்பத்திரி. களை வெட்டிக்கொண்டிருந்த தாய்மார்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். செல்வியும், களை வெட்டும் மருதாயியின் பையனும் மட்டும் இரண்டு நாள் இருக்க வேண்டும். உயிருக்குப் பயமில்லை. சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது, பாத்திரத்தைப் பாருங்கள் என்றார் டாக்டர்.

பார்த்தேன். கிரீச்சுக்கு அடுத்தது பூச்சிமருந்து ஷெட். மருந்து பம்ப் கழுவும் தொட்டியிலேயே இவளும் பாத்திரம் கழுவுகிறாள். இரண்டு தடவை கண்டித்திருக்கிறேன். குழாய் தூரமுங்க என்பாள். வேறென்ன விசாரிக்க? மேனேஜர் இன்றைக்கே ரிப்போர்ட் கேட்டார். இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதி ஆறரைக்குக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார்.

பொன்னாயி ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னது: "சுரக்கா கசந்துச்சுங்க ரைட்டரய்யா. புள்ளைங்க திங்க மாட்டேன்னுச்சுங்க. சின்னதுங்க அஞ்சுக்கு நாந்தான் வெல்லத்தைப் போட்டு ஊட்டிவிட்டேன்."

வாந்தி எடுத்த வாய்க்கு எல்லாமே கசக்கும். என் சுரைக்காயாவது கசப்பதாவது. அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

11.9.85 புதன்

மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

பொன்னாயியை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. மாசக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மேனேஜர் கையெழுத்து, டைப் அடித்தது நான். புருஷன் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய் மூன்று வருஷம், ஒரு கடுதாசி கிடையாது. அம்மா வீடு என்றும் ஒன்று இல்லை. எங்கே போவாள் என்று ச. கேட்டாள். பிள்ளைகள் உயிர் விளையாட்டா என்றேன்.

தக்காளி பறித்தாயிற்று. பிழிந்து சட்டியில் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் புளித்தால் வழவழப்பு போய்விடும்.

லைனில் பொன்னாயி வீட்டுக்கு யாரும் நெருப்புகூடக் கொடுப்பதில்லையாம். மருதாயி, ஆஸ்பத்திரியிலேயே அவள் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாளாம். பொன்னாயி தன் பிள்ளைக்கும்தானே ஊட்டினாள் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. எனக்கும் இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

12.9.85 வியாழன்

சாப்பிட உட்கார்ந்தேன். ச. இலையில் சோறு வைக்கவில்லை. ஒரு துண்டு பச்சைச் சுரைக்காய், சுண்டுவிரல் அளவு. நம் கொடியில் பறித்ததுதான், தின்னுங்கள் என்றாள்.

வாயில் வைத்ததும் துப்பினேன். வேப்பங்காய் தேவலை. நாக்கின் அடிவரை இறங்கி நின்றது. தண்ணீர் குடித்தும் போகவில்லை, மோர் குடித்தும் போகவில்லை.

"நானும் தின்னு பாத்துட்டேனுங்க," என்றாள் ச. "அந்தப் பொம்பள பொய் சொல்லலை."

கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஐந்து கொடியிலும் ஒவ்வொரு காயாகக் கீறி நாக்கில் வைத்தேன். முதல் கொடி கசப்பு. இரண்டாவது கசப்பு. மூன்றாவது நல்லது. நாலாவது கசப்பு. ஐந்தாவது நல்லது. மூன்றாவதை நான்கு முறை தின்று பார்த்தேன். நல்லதுதான். அதனால் என்ன ஆகப்போகிறது?

கிரீச்சுக்குப் போன ஆறு காயில் எந்தக் கொடிக் காய் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? பறித்த கை என் கை.

மேனேஜரிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

13.9.85 வெள்ளி

சொல்லவில்லை. காரணங்கள்:
1. மேனேஜர் காலையிலேயே சேலம் போய்விட்டார்.
2. திங்கள்கிழமைதான் வருவார்.
3. அவர் பத்தரைக்குத்தான் கிளம்பினார், எட்டிலிருந்து பத்தரைவரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிள்ளைகள் இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். செல்வி இளைத்துப்போயிருக்கிறாள் என்று ச. சொன்னாள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

தக்காளி விதை அலசி, ஆள்கணக்கு எழுதிய பழைய மஸ்டர் தாளில் பரப்பினேன். தாளோடு ஒட்டிக் காயும். அடுத்த வருஷம் தாளைக் கிழித்து அப்படியே நடலாம். கைவேலை இருந்தால் மனசு சும்மா இருக்கும் என்பார்கள். இருக்கவில்லை.

எப்படிக் கசந்தது? ஆறு வருஷமாக அதே விதை. மண் அதே மண். எருவும் அதே மாட்டுக்கொட்டகை எருதான். போன வருஷத்துக் காயை நானே எத்தனை நாள் கூட்டு வைத்துத் தின்றேன், தேன்போல இருந்தது. அந்தக் காயின் விதைதான் இது.

15.9.85 ஞாயிறு

ஏற்காடு சந்தை. வாங்கியது: உப்பு, மண்ணெண்ணெய், ச.வுக்குத் தலைவலித் தைலம், பென்சில்.

மஞ்சக்குட்டை வெள்ளையன் கொய்யா மூட்டையோடு வந்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் குடுவைச் சுரை விதை கொடுத்தவன் இவன்தான். மலைக்காரர்கள் தின்பதற்கு அல்லாமல், தண்ணீரும் விதையும் வைக்க என்றே போடும் சுரை. ஓடு பலகை மாதிரி இருக்கும், உள்ளே ஒரே கசப்பு. கொடுக்கும்போதே ஒன்று சொன்னான். தின்கிற தண்ணிச் சுரை இருக்கும் பக்கம் இதைப் போடாதீர்கள், மேட்டுக்கு அந்தப்புறம் போடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடாது. இதுவும் ஒரு திருஷ்டிக் கதை என்று நினைத்தேன். ஆபீஸில் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் போன வருஷம் பின்வேலியில் ஊன்றினேன், தண்ணிச் சுரைப் பந்தலுக்கு இருபதடி தள்ளி. வேலிதான் சும்மா கிடக்கிறதே என்று.

இன்றைக்கு டீக்கடையில் உட்காரவைத்து விவரம் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அது பெரிய வருத்தம். சிரித்திருந்தால் திட்டியிருப்பேன்.

"சாயங்காலம் ரெண்டும் பூ விரியுமுங்க. பூச்சி இதுல உக்காந்து அதுல உக்காரும். அந்த வருசத்துக் காயில ஒண்ணுந் தெரியாதுங்க ரைட்டரு. காய் தாயோடதுங்க. வெதை ரெண்டு பேருக்கும் பொறந்ததுங்கல்ல. அதைய மண்ணுல போட்டு, மறு வருசம் காய்ச்சாத்தான் கசப்பு தெரியும்."

எந்தப் புஸ்தகமும் படிக்காதவன். பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அவன் சொன்னதில் இவ்வளவும் இருந்திருக்கிறது. விதை பத்திரமாக இருக்க வேண்டும் என்று குடுவை வளர்த்தேன். அந்தக் குடுவைக் கொடியே விதையைக் கெடுத்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்று உறைத்தது. ஒன்பது வீடு. ஒன்பது வீட்டுக்கும் போன வருஷத்து விதை கொடுத்திருக்கிறேன். பொட்டலத்தின்மேல் என் கையெழுத்து.

16.9.85 திங்கள்

மேனேஜர் இன்றும் வரவில்லை. சேலத்திலிருந்து டிரங்க் கால், புதன்கிழமைதான் வருவாராம். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒன்பது வீட்டுக்கும் போனேன். சுரைக்கொடியில் ஒரு நோய் வந்திருக்கிறது, காயைத் தின்ன வேண்டாம், கொடியைப் பிடுங்கிப் போடுங்கள் என்றேன். நோய். நல்ல வார்த்தை கண்டுபிடித்தேன். ஏழு வீட்டில் தலையாட்டினார்கள். ஒரு வீட்டில் ஏற்கெனவே கசக்கிறது என்று மாட்டுக்குப் போட, மாடும் தின்னவில்லையாம். என் மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்தார்களாம். கடைசி வீட்டில் சின்னப்பொண்ணு மட்டும் நேராகப் பார்த்து, அப்படியென்றால் பொன்னாயி சொன்னது நிஜந்தானுங்களா என்று கேட்டாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பதும் முடிந்து, பொன்னாயி வீடு. வாசலில் பெட்டி படுக்கை கட்டிக்கொண்டிருந்தாள். செல்வி என்னைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். கூரையில் ஒரு சுரைக்கொடி. காய் பழைய மாதிரி, கழுத்து ஒடுங்காமல் நீளமாக. கேட்காமலே ஒன்றைக் கீறி நாக்கில் வைத்தேன். துளி கசப்பில்லை.

எந்த விதை என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். ‘சுரை 1983’, என் எழுத்து. குடுவைக்கொடி வருவதற்கு முந்தின வருஷத்து விதை. பாதியை இந்த வருஷம் போட்டாளாம், பாதி இருக்கிறதாம். மழை ஏமாற்றினால் திரும்பப் போட வேண்டாமா, இருப்பதை எல்லாம் யாராவது மண்ணில் போடுவார்களா என்றாள். நான் போடுகிறேன். புது விதை கைக்கு வந்ததும் பழசைக் கோழிக்கு வீசிவிடுவேன், முளைப்பு குறையும் என்று. போன வருஷம் இவள் விதை கேட்டு வந்ததும் ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் கொடுத்தது என்னாச்சு என்று அதட்டி அனுப்பிவிட்டேன். அதனால்தான் இவள் கொடி பிழைத்தது.

கசப்பு என் காயில்தான் என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அன்னைக்கே சொன்னேனுங்களே," என்றாள். "எம் புள்ளைக்கும் அதைத்தானுங்க ஊட்டுனேன். நீங்க எழுதுனா எழுதுனதுதான். நான் வாயில சொன்னது யாருக்கு வேணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டின மூட்டையை இறுக்கி முடிந்துகொண்டே சொன்னாள்.

17.9.85 செவ்வாய்

மழை. காலையிலிருந்து விடவில்லை.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில் மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் ‘எதிர்பாராத விதமாக’ என்று வந்தது. இரண்டாவதில் ‘இயற்கையின் விளைவால்’. மூன்றாவதில் பாத்திரமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி. ச. எட்டிப் பார்த்து அர்த்தம் கேட்டுவிட்டு, சுரைக்காய்க்கு உப்பில்லை என்கிற கதையாக இருக்கிறது, விஷயத்தை எழுதுங்கள் என்றாள்.

நாலாவது தாள் தமிழில். போன ரிப்போர்ட்டைப் பொன்னாயிக்குத் தெரியாத பாஷையில் அவள்மேல் எழுதினேன். இது எட்டே வரி. கசந்தது என் விதையில் வந்த காய். ஆயா அன்றே சொன்னாள். நான் தின்று பார்க்கவில்லை, எழுதவுமில்லை. பாத்திரத்தால் வந்தது என்று நான் எழுதியது தப்பு. 12ஆம் தேதியே எனக்குத் தெரியும்.

கடைசி வரியின் கீழே கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

18.9.85 புதன்

கொடுத்தேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். பிள்ளைகள் தேறிவிட்டார்கள், இனி எதற்கு ரைட்டர் இது என்றார். அந்தப் பெண்ணுக்கு வாழவந்திப் பக்கம் வேறு எஸ்டேட்டில் சொல்லி ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம், இந்தத் தாள் மேலே போனால் உங்களுக்குத்தான் கெட்ட பேர் என்றார். தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஒரு நிமிஷம் எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்றுதான் இருந்தது. எல்லாருக்கும் சௌகரியம். அவளுக்கும் வேலை, எனக்கும் பேர். பிறகு நினைத்தேன். வாழவந்திக்குப் போனாலும் பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருக்கும். ஜீப்பு போகிற ஊருக்கெல்லாம் பேச்சும் போகும்.

ஃபைலில் வையுங்கள் என்றேன். நாளைக் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் படிக்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அதை அங்கே வைத்துத்தான் முடிவு செய்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

19.9.85 வியாழன்

மழை இல்லை. குளிர்.

காலைப் பெரட்டு. தினமும் அந்த மேடையில் நின்று பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்தக் காடு என்று சொல்பவன் நான். இன்றும் எல்லாப் பேரையும் கூப்பிட்டேன். பிறகு பொன்னாயி பேரையும் கூப்பிட்டேன். அவள் இல்லை. லைன் பக்கம் ஆள் அனுப்பினேன். செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். எட்டு வரியைப் படித்தேன். படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பிறகு மருதாயியின் புருஷன் முன்னால் வந்தான். ரைட்டரய்யா, உங்களுக்குப் போன வியாழக்கிழமையே தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். அதற்கப்புறம் அவன் சொன்னதை எழுதவில்லை. பிள்ளையைப் பெற்றவன். அடிக்க வந்தவனைக் கங்காணி பிடித்து இழுத்தார். விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது, பயமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்தபோது மருதாயி, பொன்னாயி பக்கத்தில் போய் நின்றாள். செல்வியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ச. இன்றைக்குச் சாப்பாட்டோடு அப்பளம் பொரித்தாள். என்ன விசேஷம் என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

21.9.85 சனி

ஆர்டர் வந்தது. பொன்னாயிக்குத் திங்களிலிருந்து வேலை, வீட்டைக் காலி செய்ய வேண்டாம். கிரீச்சுக்குத் தனிக் குழாய். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம், தோட்டத்துக் காய் கிரீச்சுக்குக் கொடுக்கக் கூடாது. என் கடிதத்தை நானே டைப் அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

மத்தியானம் ஐந்து கொடியையும் பிடுங்கினேன். நல்ல கொடி இரண்டையும்தான். கசப்புக் கொடியின் மகரந்தம் இந்த வருஷம் அதில் ஏறியிருக்கும், காய் இனித்தாலும் விதையை நம்ப முடியாது. துணி கட்டின ஐந்து காயையும் வெட்டிக் குழியில் போட்டு மூடினேன். ஆறு வருஷம் பொறுக்கிய விதை.

மறுபடி ஒன்பது வீடு. இந்தத் தடவை நோய் என்று சொல்லவில்லை. வெள்ளையன் சொன்னதை அப்படியே சொன்னேன், இந்த வருஷம் ஒருத்தரும் சுரைக்கு விதை எடுக்காதீர்கள், என் விதை மிச்சம் இருந்தால் அடுப்பில் போடுங்கள். சின்னப்பொண்ணு தன் பொட்டலத்தை என் கண் முன்னாலேயே போட்டாள். வெடித்தது.

23.9.85 திங்கள்

கிரீச் திறந்தாயிற்று. பதினாலில் ஏழு பிள்ளைகள்தான். மற்றவர்கள் காட்டுக்கே தூக்கிப் போய் மரத்தில் தூளி கட்டிவிட்டார்கள். பத்து மணிக்குப் பொன்னாயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"ரைட்டரய்யா, மத்தியானம் வந்து மொதல்ல நீங்க ஒரு வாய் தின்னுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

போனேன். பாயில் உட்கார்ந்து தட்டில் வாங்கினேன். பருப்புஞ்சோறு. ஏழு பிள்ளைகளும் தங்கள் தட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்தன. நல்லா இருக்கு கண்ணு, தின்னுங்க என்றேன். செல்வி கடைசியாகத்தான் கை வைத்தாள்.

28.9.85 சனி

வாரம் முழுக்கத் தினமும் போனேன். இன்றைக்குப் பதின்மூன்று பிள்ளைகள். மருதாயியின் பையனும் வந்துவிட்டான். என் மடியில் ஏறி உட்கார்ந்து என் தட்டில் கை விட்டான். கண் கலங்கிவிட்டது. பொன்னாயி பார்த்தாள்.

29.9.85 ஞாயிறு

வெயில். கத்தரிப்பழம் பறித்து, பிசைந்து, அலசி, சாம்பலில் புரட்டி உலர்த்தினேன். அவரை இன்னும் பச்சை. கொத்தமல்லி அறுத்துத் தலைகீழாகக் கட்டியாயிற்று. சுரைக்கு மட்டும் இடம் காலி.

நாலு நாளாக மனசில் இருந்ததை இன்று செய்தேன். பொன்னாயி வீட்டுக்குப் போனேன். அந்த 83 பொட்டலத்தில் மிச்சம் எத்தனை விதை என்று கேட்டேன். எட்டு என்றாள். நாலு கொடுத்தால் பதமாகப் போட்டு, மறுபடி விதையைப் பெருக்கிவிடுவேன், எல்லாருக்கும் கொடுக்கலாம், இந்த முறை நானே தின்று பார்த்துத்தான் கொடுப்பேன் என்றேன். நிறையப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

கேட்டு முடிக்கும்வரை நின்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இப்பத் தர மாட்டேனுங்க. நொம்ப நாள் எல்லாரும் உங்க கையைப் பாத்தே வாங்கிட்டோம். வர்ற வைகாசில நானே போடறேன். காய்ச்சு, நானே தின்னு பாத்துட்டு, வெதை எடுத்து உங்களுக்கும் ஒரு பொட்டலம் தர்றேன்."

சுள்ளென்று கோபம் வந்தது. நான் கொடுத்த விதை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சரி பொன்னாயி என்றேன். வேறு யாரிடமாவது அது இருப்பதைவிட அவளிடம் இருப்பது சரி. பாதிவழி வரும்போதுதான் அப்படித் தோன்றியது, அவள் வாசலில் நிற்கும்போது இல்லை.

ச. கேட்டாள், விதை கொடுத்தாளா என்று. வரிசையில் நிற்கிறேன் என்றேன்.